எட்டு மில்லி ஓட்டைகள்

"ஒம்பது வருஷம் ஒரு கொறையும் இல்லாம ஓடுன வேலை, தப்பான வேலையா இருக்குமா?"

அம்மா இதைக் கேட்டபோது குளிர்பெட்டியின் தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் அது இரண்டாவது முறை. செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்ப இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. நான் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "ஓடுச்சின்னா சரியாத்தானே இருக்கணும்" என்றேன்.

அம்மா "ம்" என்றார். தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே மறுபடியும் கழுவினார்.

நான் சொன்னது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் எதைப் பற்றிக் கேட்கிறார் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அம்மாவின் பெயர் சீதாலெட்சுமி. வயது நாற்பத்தேழு. மலேசியாவின் கேரி தீவில், செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பு நின்றுவிட்டது. இப்போது கிள்ளானில், தெலோக் கோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக வேலை செய்கிறார். நாள் முழுதும் கட்டுப்பாட்டு அறையில் திரைகளைப் பார்த்துக்கொண்டு, எந்த வால்வை எவ்வளவு திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை. மற்ற தொழிற்சாலைகள் பயன்படுத்தி அழுக்கான தின்னர், ஆல்கஹால் போன்றவற்றை வாங்கி, கொதிக்க வைத்து, சுத்தப்படுத்தித் திரும்ப விற்கும் இடம் அது. கம்பெனியின் பெயரை எழுதக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பாவுக்கு சிங்கப்பூரில் வேலை. மாதத்தில் இரண்டு முறை வருவார். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

நான் எஸ்டிபிஎம் பரீட்சை எழுதி முடித்துவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்தேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரில் பேரெழுதிக் கட்டணம் வாங்கும் வேலை. தினமும் காலையில் அம்மா என்னைக் கிள்ளான் கொமுட்டர் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவார். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் அந்தக் காரில்தான்.

அன்றைக்கும் காரில்தான் அடுத்த கேள்வி வந்தது. பாலத்தின் மேல் வண்டிகள் நகரவில்லை. அம்மா ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"தாமர, ஒரு ஓட்ட ஆறு மில்லி. அத எட்டு மில்லி ஆக்குனா எவ்ளோ பெருசாவும்?"

"ரெண்டு மில்லி."

"அது எனக்குத் தெரியாதா? எவ்ளோ கூடப் போவும்னு கேக்குறேன். தண்ணியோ காத்தோ."

"மூணுல ஒரு பங்கு கூடும். ஆறுக்கு ரெண்டு."

"நிச்சயமா?"

"கணக்குல ஏ எடுத்தவம்மா நானு."

அம்மாவின் தோள் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தேன். "மூணுல ஒரு பங்குன்னா தாங்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். என்னை இறக்கிவிடும்போது சிரிக்கக்கூடச் செய்தார்.

ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டும்போதுதான் என் தப்பு புரிந்தது. ஓட்டை என்றால் வட்டம். வட்டத்தின் பரப்பு விட்டத்தைப் போல வளராது, விட்டத்தின் வர்க்கத்தைப் போல வளரும். டியூஷன் சென்டரில் கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்து, ஆறு கட்ட அகலத்தில் ஒன்று, எட்டுக் கட்ட அகலத்தில் ஒன்று என்று இரண்டு வட்டங்கள் வரைந்து கட்டங்களை எண்ணினேன். சின்ன வட்டத்துக்குள் இருபத்தெட்டு. பெரிய வட்டத்துக்குள் ஐம்பது. மூன்றில் ஒரு பங்கு இல்லை, முக்கால் பங்குக்கும் மேல்.

படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்பினேன். "சாரிம்மா, தப்பா சொல்லிட்டேன். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு" என்று எழுதினேன். இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. சாயங்காலம் வரை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதன் ஓரங்கள் சுருண்டிருந்தன. எத்தனை முறை மடித்துப் பிரித்தாரோ.

"ஒக்காரு. மொதல்லேருந்து சொல்றேன்" என்றார். ஆனால் அவர் உட்காரவில்லை. சொல்லி முடிக்கும் வரை நடந்துகொண்டேதான் இருந்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

அவர்கள் தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகளாகச் சும்மா கிடக்கும் ஒரு டவர் இருக்கிறது. டவர் என்றால் உயரமான இரும்புக் குழாய். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினெட்டுத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் நூற்றுக்கணக்கில் சின்ன ஓட்டைகள். அடியில் கொதிக்க வைத்தால் ஆவி அந்த ஓட்டைகள் வழியாக மேலே ஏறும். மேலே குளிர்ந்து திரவமானதில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடுவார்கள். அது ஒவ்வொரு தட்டாகக் கீழே இறங்கும். ஓட்டை வழியாக இல்லை, தட்டின் ஓரத்தில் அதற்கென்று விட்ட வழியாக. தட்டின் மேல் திரவம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நின்று, அடியிலிருந்து வரும் ஆவியோடு கலக்க வேண்டும். அப்படிக் கலந்து கலந்துதான் மேலே போவது சுத்தமாகிறது.

"ஓட்டை இருந்தும் திரவம் எப்படி நிக்கும்?" என்று கேட்டேன்.

"ஆவி தள்ளுதில்ல. அது தள்ளுற வரைக்கும் எறங்காது. தள்ளு கொறஞ்சா சொட்ட ஆரம்பிச்சிரும். அதத்தான் வீப்பிங்னு சொல்றது. சொட்டுனா எல்லாம் போச்சு. வேல செய்யாமலே கீழ எறங்கிரும். மேல எடுக்குற சரக்கு சுத்தமா இருக்காது."

இப்போது கம்பெனி அந்தப் பழைய டவரை வேறு வேலைக்குப் பயன்படுத்தப் பார்க்கிறது. புது வேலையில் ஓடும் ஆவி பழைய அளவில் நூற்றுக்கு அறுபதுதான். ஆவி குறைவு. அப்படியானால் தட்டு சொட்டுமா, சொட்டாதா? அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அழகிரி என்ற இஞ்சினியரிடம் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை விசாவில் வந்தவர். முப்பது வயதிருக்கும். அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பழைய வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டார். ஓட்டை ஆறு மில்லி. அந்த ஓட்டைக்கு ஆவி நூற்றுக்கு ஐம்பது வரை குறைந்தாலும் சொட்டாது. அறுபது என்றால் நிம்மதியாக ஓட்டலாம். வெறும் காகிதத்தை நம்பாமல், டவரை இறக்கி முற்றத்தில் படுக்கப் போட்டதும் மேல் மூடியைத் திறந்து மேல் தட்டின் ஓட்டைகளை அளந்தும் பார்த்தார். சரியாக ஆறு.

திங்கட்கிழமை அவர் அம்மாவிடம் அந்தப் படிவத்தோடு வந்திருக்கிறார்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து. இந்த டவர்கூட ரொம்ப நாள் இருந்தது நீங்கதான்."

"என்னா எழுதிருக்கு தம்பி?"

"உள்ள இருக்கிற தட்டெல்லாம் படத்துல உள்ளபடியே இருக்கு, யாரும் எதையும் மாத்தலன்னு. அவ்வளவுதான்."

"நாளைக்குத் தரேன்லா."

"லா போட்டுட்டீங்க, அப்ப கட்டாயம் தந்துருவீங்க" என்று எங்கள் மலேசியப் பேச்சைக் கிண்டல் செய்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

அம்மாவால் கையெழுத்துப் போட முடியவில்லை. ஏனென்றால் கீழ் ஆறு தட்டுகளின் ஓட்டைகள் ஆறு மில்லி இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர்தான் அவற்றைப் பெரிதாக்கியவர்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மா அந்தத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் துப்புரவு ஆள். வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் நிறுத்திக் கழுவுவார்கள். அந்த ஆண்டு அது தீபாவளி வாரத்தில் விழுந்தது. டவருக்குள்ளிருந்து தட்டுகளை ஆறு ஆறாக, கட்டுக் கட்டாக வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். அடிக்கட்டில் ஓட்டைகளெல்லாம் கல்லாக இறுகி அடைத்துக் கிடந்தன. கம்பிப் பிரஷ்ஷால் போகவில்லை. துளையிடும் மெஷினில் ஆறு மில்லி அலகை (டிரில் பிட்) மாட்டி ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அம்மாவும் அய்யாவு என்பவரும்தான் அந்த வேலையில்.

தீபாவளிக்கு முந்திய நாள் மத்தியானத்துக்குள் ஆறு மில்லி அலகுகள் எல்லாம் உடைந்து தீர்ந்துவிட்டன. ஸ்டோர் பார்க்கிறவர் ஊருக்குப் போய்விட்டார். வேலை முடியாவிட்டால் தீபாவளி அன்றும் வரவேண்டும் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். கும்பலில் இருந்த பதினொரு பேரும் தமிழர்கள். எனக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் முறுக்கு மாவு பிசைந்து வைத்தபடி இருந்ததாம். பெட்டியில் மிச்சமிருந்தது எட்டு மில்லி அலகு மட்டும்.

"பெரிய ஓட்டன்னா இன்னும் நல்லா போவும்தானேன்னு நெனச்சோம்" என்றார் அம்மா. "ஓட்டைன்னா அடைப்பு இல்லாம இருந்தா போதும்னு. யாரு கண்டா?"

அடைத்திருந்த ஓட்டை, அடைக்காத ஓட்டை எல்லாவற்றையும் ஒரே சீராக எட்டாக்கினார்கள். பார்க்க அழகாக இருக்க வேண்டுமே. நாலு மணிக்கெல்லாம் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இதில் என்னால் தாங்க முடியாத இடம் அடுத்ததுதான். டவர் மறுபடி ஓடியபோது முன்னைவிட நன்றாக ஓடியது. அப்போது முழு ஆவி ஓடிக்கொண்டிருந்ததால் பெரிய ஓட்டையிலும் சொட்டவில்லை. அடியில் அழுத்தம் குறைந்தது. சரக்கு அதிகம் வந்தது. அப்போதைய மேனேஜர், "யார் இவ்வளவு சுத்தமாகக் கழுவியது?" என்று கேட்டார். அம்மா கைதூக்கினார். அதனால்தான் அவரை நிரந்தர வேலைக்கு எடுத்தார்கள். அய்யாவு தீபாவளி முடிந்து இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அவரை எடுக்கவில்லை.

நிரந்தரமான பிறகு அம்மா பம்ப் அறைக்குப் போனார். பிறகு பாய்லர் பக்கம். பிறகு பரீட்சை எழுதிக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். இப்போது ஷிப்ட் சூப்பர்வைசர் வேலைக்கு அவரை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் இதுவரை ஒரு பெண் இருந்ததில்லை. நேர்காணல் அடுத்த புதன்கிழமை. படிவம் இந்த வெள்ளிக்கிழமை.

"கையெழுத்தப் போட்டுக் குடுத்துருங்கம்மா" என்றேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நான் சொன்னது அதுதான். "மெஷின் ஓடலன்னா அப்புறம் பாத்துக்குவாங்க."

"ஓடலன்னா யார கேப்பாங்க தெரியுமா? கணக்கு சரியாத்தான் இருக்கு, ஓட்டத் தெரியலம்பாங்க. பேனல்ல ஒக்காந்துருக்குற நேப்பாளி பையன கேப்பாங்க. இல்லன்னா கணக்குத் தப்புன்னு அழகிரிய கேப்பாங்க. அவன் விசா பாஸ் ரெண்டு மாசத்துல முடியுது. புதுப்பிக்காம ஊருக்கு அனுப்பிருவாங்க."

"சொன்னீங்கன்னா உங்கள அனுப்பிருவாங்க."

அம்மா வாசலில் இருந்த கருவேப்பிலைச் செடியை வெட்டப் போய்விட்டார். அதை ஞாயிற்றுக்கிழமைதான் வெட்டியிருந்தார். மறுநாள் அந்தச் செடியில் இலையே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் என்னைக் கொமுட்டர் நிலையத்தில் ஏற்றிக்கொண்ட கார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்கம்மா?"

"ஜெஞ்சாரோம். அய்யாவுவ பாக்கணும்."

அய்யாவு மாமா இப்போது லோரி ஓட்டுகிறார். அம்மாவின் தொழிற்சாலைக்கே காலி டிரம்களை ஏற்றி வருகிற ஒப்பந்தம் அவருடையது. சாலையோரக் கடையில் தே ஓ, பாலில்லாத தேநீர், குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க சூப்பர்வைசரம்மா! இந்தப் பக்கமெல்லாம் வரீங்க?"

"இன்னும் ஆவல. கிண்டல் பண்ணாத. அண்ணே, அந்த டவர் டிரே ஞாபகம் இருக்கா? தீபாவளி."

"எந்த டிரே?"

"எட்டு மில்லி."

அவர் கிளாசைக் கீழே வைத்தார். அம்மா படிவத்தைப் பற்றிச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைக்காரரிடம் எனக்கு ஒரு மைலோ போடச் சொன்னார். பிறகு சொன்னார்:

"விடுலா சீதா. அது இரும்பு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதே."

"தெரிஞ்சாலும் பேசாம தூங்கு. அந்த ஓட்டையாலதான் உனக்குச் சம்பளம் குடுத்தாங்க பன்னெண்டு வருஷமா. எனக்கு என்னா கெடச்சது? ரெண்டு நாள் சம்பளத்தப் புடிச்சாங்க. இப்பத்தான் ஒரு டிரம் ஒப்பந்தம் கெடச்சிருக்கு. அதுக்கும் வேட்டு வெக்கிறியா?"

"ஒம் பேர நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப எதுக்கு இங்க வந்த?"

எதற்கு வந்தோம் என்று எனக்கும் தெரியவில்லை. ஒருவேளை அவர், "ஆமா, சொல்லிரு" என்று சொல்வார் என்று அம்மா நினைத்திருக்கலாம். அவர் எழுந்து லோரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மைலோவுக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வரும் வழியில் அம்மா வண்டியை வேகமாக ஓட்டினார், பிறகு மெதுவாக, பிறகு வேகமாக. நான் கடையில் கட்டிக் கொடுத்த மைலோவை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வட்டங்களையும் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு. ஐம்பது. நான் அந்த வட்டங்களை வரையாமலே இருந்திருந்தால் அம்மா, "மூணுல ஒரு பங்குதானே, தாங்கும்" என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அதை நினைத்தபோது வரைந்தது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. அம்மாவும் பின்னால் அழகிரி அண்ணனும் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

அம்மா காலையில் கையெழுத்துப் போடாத படிவத்தோடும், வீட்டிலிருந்து எடுத்துப்போன துளையலகுப் பெட்டியோடும் முற்றத்துக்குப் போனார். அப்பா சுவரில் சாமி படம் மாட்ட வாங்கி வைத்த பெட்டி அது. டவர் மரக்கட்டைகள் மேல் படுத்திருந்தது. அழகிரி அண்ணன் அங்கேதான் நின்றார்.

"தம்பி, மேல் மூடிய தொறந்து அளந்தீங்க. கீழ் மூடிய தொறக்கச் சொல்லுங்க."

"கீழயும் அதே தட்டுதானேக்கா?"

"தொறக்கச் சொல்லுங்க தம்பி."

ஃபிட்டர்கள் போல்ட்டுகளைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அம்மா டவரைச் சுற்றிச் சுற்றி நடந்தாராம். மூடி வந்ததும் கையை உள்ளே விட்டு, அடித்தட்டின் ஓர் ஓட்டையில் ஆறு மில்லி அலகின் தண்டைச் செருகினார். அது தளர்ந்து ஆடியது. ஏழு மில்லியைச் செருகினார். அதுவும் ஆடியது. எட்டு மில்லியை அழகிரி அண்ணன் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்க" என்றார்.

எட்டு இறுக்கமாக உட்கார்ந்தது.

அவர் அடுத்த ஓட்டையில் போட்டார். அதற்கடுத்ததில் போட்டார். "இது எப்படிக்கா?" என்று கேட்டபோது அவர் குரலே மாறியிருந்ததாம்.

"நான்தான் போட்டேன். கீழ் ஆறு டிரேயும்" என்றார் அம்மா.

அழகிரி அண்ணன் அங்கேயே ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து கைப்பேசியில் கணக்குப் போட்டார். ஆறு மில்லிக்கு ஐம்பது வரை தாங்கும் தட்டு, எட்டு மில்லிக்கு எண்பத்தொன்பதுக்குக் கீழே போனாலே சொட்டும். புது வேலை ஓடப்போவது அறுபதில். "மழையா பெய்யும்" என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்து, "அக்கா, நேத்து வரைக்கும் இது ஓடும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

"இன்னிக்கி வேற மாதிரி சொல்லுங்க" என்றார் அம்மா.

மேனேஜர் மிஸ்டர் கோ முதலில் நம்பவில்லை. ஓட்டை இரண்டு மில்லி பெரிதானால் என்ன ஆகிவிடும் என்றார். அவரும் என்னைப் போலத்தான் நினைத்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அழகிரி அண்ணன் அடிக்கட்டை வெளியே இழுக்க வைத்து, அதிலிருந்து ஒரு தட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் வெட்டிய டிரம்மின் மேல் வைத்தார். கீழே கிடங்கின் ஊதுகாற்று மெஷினை இணைத்தார். தட்டின் மேல் இரண்டு விரல் தண்ணீர். காற்றுக்கும் ஆவிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்து, அறுபதுக்குச் சமமான காற்றை விட்டார். தட்டின் அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு மேல்கட்டிலிருந்து ஆறு மில்லித் தட்டு ஒன்றை வைத்தார். அதே காற்று, அதே தண்ணீர். மேலே தண்ணீர் குதித்துக் கொதித்தது. அடியில் டிரம் காய்ந்தே இருந்தது. மிஸ்டர் கோ கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாராம்.

பிறகு அம்மாவை அறைக்குக் கூப்பிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஏன் சொல்லவில்லை என்று மலாயில் கேட்டார். அம்மா, அது தப்பு என்று தெரியாது, தெரிந்தது இந்தச் செவ்வாய்க்கிழமைதான் என்றார். கூட யார் இருந்தது என்று கேட்டார். இன்னொருவர் இருந்தார், பெயர் சொல்ல மாட்டேன், அவரே வந்து சொன்னால் உண்டு என்றார். மிஸ்டர் கோ, புதன்கிழமை நேர்காணலுக்கு வரவேண்டாம் என்றார்.

அம்மா வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். "போதும்மா" என்றேன். இருவரும் அங்கேயே நின்றோம். குளிர்பெட்டி திறந்தே கிடக்கிறது என்று கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது.

சனிக்கிழமையே வழி பிறந்தது. தட்டுகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஓட்டை வரிசைகளில் சிலவற்றை மெல்லிய இரும்புப் பட்டைகளால் மூடிவிட்டால் போதும். நூறு ஓட்டைக்கு நாற்பத்து நான்கை மூடினால், மிச்சமிருப்பவற்றின் வழியாக ஆவி பழைய வேகத்தில் போகும். அடிக்கட்டு ஆறு தட்டுக்கும் பட்டை வெட்டச் சொல்லி ஆர்டர் கொடுத்தார் அழகிரி அண்ணன். அடிக்கட்டை இழுத்ததால் நடுக்கட்டின் கீழ்த்தட்டு வெளியே தெரிந்தது. அதையும் அளந்தார். ஆறு மில்லி. ஆகவே நடுக்கட்டு நல்லது, அதைத் தொட வேண்டாம் என்று எழுதினார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அய்யாவு மாமாவின் லோரி டிரம் ஏற்றிக்கொண்டு வந்தது. டிரம்மை இறக்கிவிட்டு அவர் போகவில்லை. முற்றத்தில் கிடந்த தட்டுகளைப் பார்த்தார். சிகரெட்டைப் பற்ற வைக்கப் போனவரைக் காவலாளி திட்டினார். அதை மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அழகிரி அண்ணனிடம் போனார்.

"பாஸ், எத்தன டிரேக்கு அடைக்கிறீங்க?"

"ஆறு. ஏன் அண்ணே?"

"எட்டு."

"என்ன எட்டு?"

"கீழேருந்து ஒம்பதாவதும் பத்தாவதும். சீதாவுக்குத் தெரியாது. அவங்க எல்லாம் கெளம்புனப்புறம் நான் போட்டேன். சரக்கு உள்ள வர்ற எடம் அது, அங்கயும் அடச்சிருந்துச்சி. பாதில விட்டுட்டுப் போவ மனசு வரல."

நடுக்கட்டைப் பிரித்தார்கள். ஏழு, எட்டு, நல்லது. ஒன்பதிலும் பத்திலும் எட்டு மில்லி அலகு சுகமாக உட்கார்ந்தது. அவர் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் அடியில் ஆறு தட்டை அடைத்தும் நடுவில் இரண்டு தட்டு சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். ஏன் என்று கண்டுபிடிக்கவே முடிந்திருக்காது, ஏனென்றால் அந்தக் கட்டு நல்லது என்று காகிதம் சொல்லியிருக்கும்.

அம்மா கட்டுப்பாட்டு அறையிலிருந்து இறங்கி வந்தபோது அவர் லோரியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி நாலு மணிக்கு வீட்டுக்குப் போவலியா நீ?"

"ஏழாச்சு."

"அதான் ரெண்டு நாள் வரலியா?"

"அது வேற. அது தீபாவளி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

டவர் இப்போது ஓடுகிறது. நான்கு மாதம் ஆகிறது. அறுபதிலும் ஓடுகிறது, ஒரு முறை ஐம்பத்தைந்திலும் ஓடியது. மேலே எடுக்கும் ஆல்கஹால் சுத்தமாக வருகிறது. அழகிரி அண்ணனின் விசா பாஸைப் புதுப்பித்துவிட்டார்கள். அய்யாவு மாமாவின் ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் வேலை இன்னொரு ஷிப்டில் இருந்த ஒருவருக்குப் போனது. அடுத்த ஆண்டு மறுபடி கேட்கலாம் என்றார்கள். கேட்பேன் என்கிறார் அம்மா. அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் சந்தோஷமாக எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டதாக நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

அந்தப் படிவத்தில் இப்போது ஒரு புது வரி இருக்கிறது. யார், எப்போது, எந்தத் தட்டில், எதை மாற்றினார்கள் என்று எழுதும் வரி. அதில் முதல் பதிவு அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டாவது, கொஞ்சம் கோணலாக, அய்யாவு மாமாவுடையது.

அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஒன்பது வருடம் ஓடியது ஓட்டை சரியாக இருந்ததால் இல்லை. ஆவி நிறைய வந்ததால். அது வந்துகொண்டிருந்த வரை தப்பு தெரியவில்லை, அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னேன். "இத அன்னிக்கே சொல்லிருந்தா குளிர்பெட்டி தப்பிச்சிருக்கும்" என்றார்.

இதை எழுதலாமா என்று அய்யாவு மாமாவிடம் போனில் கேட்டேன். "எழுதுலா. ஆனா ஒம்பதும் பத்தும் நல்லா ரவுண்டா போட்டேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் யாராவது இருப்பார். நாலு மணிக்கு வீடு போய்ச் சேர எதையோ கொஞ்சம் மாற்றி வைத்துவிட்டு, அது நன்றாக ஓடுவதால் யாரிடமும் சொல்லாமல் இருப்பவராகக்கூட இருக்கலாம். அவருக்குத் தமிழ் வாசிக்க வருமென்றால் இதை அனுப்புங்கள். வராதென்றால், வேலைக்குப் போகும் வழியில் காரில் வாசித்துக் காட்டுங்கள்.